சடையனின் கண் திறப்பு

குத்துவிளக்கு ஏற்றப்பட்டதும் படத்திற்குக் கண் திறக்கப்படும் என்று வினோதினி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, ஜோதியம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வேங்கிக்காலில் உள்ள அந்த மண்டபத்தின் சுவர்களில் அவள் வரைந்த படங்களே தொங்கின. நடுச்சுவரில் அவளுடைய இறந்துபோன கணவன் சடையன், ஆளுயரத்தில், கண்கள் இல்லாமல் நின்றான்.

ஜோதியம்மாள் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மோர்க்கடை வைத்திருப்பவள். ஓவியத்தை எவரிடமும் கற்றவளல்லள். வீசியெறிந்த விளம்பரப் பதாகைகளைப் பொறுக்கி வந்து, அவற்றின் வெள்ளைப் பின்புறத்தில் அடுப்புக்கரியாலும் மஞ்சளாலும் துணிக்குப் போடும் நீலத்தாலும் வரைவாள். பௌர்ணமிதோறும் அப்பாதையில் நடந்தவர்கள் எல்லாரும் அவற்றில் இருந்தார்கள்; எல்லாருக்கும் அகன்று விழித்த கண்கள். மோர் குடிக்க வந்த வினோதினி அவற்றைக் கண்டு வாயடைத்துப் போனாள். ஊர் ஓவியர்களும், மலையை வரைய வந்து இங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டினரும் சேர்ந்து நடத்தும் கலைக்குழுவின் செயலாளர் அவள். அடுத்த வாரமே குழு திரண்டு வந்து மோர்க்கடையை முற்றுகையிட்டது; கண்காட்சிக்கும் நாள் குறித்தது. ஜோதியம்மாளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் சடையனை அவள் அச்சத்தினால் வரைந்தாள். குடித்துவிட்டு வந்தால் அவன் ஒரு சொல்லும் பேசமாட்டான். கதவருகே நின்று பார்ப்பான். இடக்கண் பாதி சரிந்திருக்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதுபோல், முதலில் அந்தப் பார்வை வரும், பிறகு கை வரும். இறந்த பின்னும் கனவில் அதே கதவருகே வந்து நின்றான். ஆதலின் அவனைப் பதாகையில் கட்டிப்போட எண்ணினாள். கண் வைக்காவிட்டால் வழி தெரியாது. வழி தெரியாதவன் வரமாட்டான். அவள் எண்ணியபடியே கனவும் நின்றது.

இதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. இவருக்கு மட்டும் ஏன் கண் இல்லை என்று வினோதினி கேட்ட அன்றும் மோர் கடையத் திரும்பிக்கொண்டாள். வினோதினியோ சிலை செய்வோர் வீட்டுப் பெண். அவர்கள் வழக்கத்தில் கண்ணைக் கடைசியாக, நல்ல நாள் பார்த்துச் சடங்கோடு திறப்பார்கள். ஜோதியம்மாளும் அப்படியொரு நாளுக்காகக் காத்திருக்கிறாள் என்று வினோதினி தானே முடிவுகட்டினாள். ஜோதியம்மாள் மகிழட்டும் என்று இந்த ஏற்பாட்டை மறைத்தும் வைத்தாள்.

இப்போது ஜோதியம்மாள் ஓடிப்போய் வினோதினியின் கையைப் பிடித்தாள்.

"கண்ணு வேணாம்மா."

"இன்னாம்மா, கூச்சப்படுறீங்களா? தசரதன் சார் கை ராசியான கைங்க. நீங்க எதிர்ல வந்து நில்லுங்க. உங்க வீட்டுக்காரரு மொதல்ல உங்களத்தான் பாக்கணும்."

அவளை அழைத்துப் போய்ப் படத்திற்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். பின்னால் கூட்டம் நெருக்கியது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியரான தசரதன் தூரிகையைக் கறுப்பில் தோய்த்தார். ஜோதியம்மாள் தூரிகையின் நுனியையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் நடுவே மானம் போகும். சொல்லாவிட்டால் இன்றிரவே அவன் கதவருகே நிற்பான். ஊரில் ஐயனார் குதிரைக்குக் கண் திறந்த நாள் அப்போது அவள் நினைவுக்கு வந்தது. எதிரே எவரும் நிற்கவில்லை. முதற்பார்வையை வாங்கக் கண்ணாடியைத்தான் காட்டினார்கள்.

"சார், நில்லுங்க. கண்ணாடி காட்டாம தொறக்கக் கூடாதுங்க."

தூரிகை நின்றது. தன் வீட்டு வழக்கத்தைத் தானே மறந்தோமே என்று வினோதினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கைகழுவும் இடத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி வந்து, படத்திற்கு எதிரே நாற்காலியில் சாய்த்தார்கள்.

"அண்ணன் மீசைய சரி பண்ணிக்கட்டும்பா," என்று எவனோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

ஜோதியம்மாள் விலகிச் சுவரோரம் ஒண்டிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். புதுச்சாயத்தின் நெடி வந்தது. பிறகு கைதட்டல் எழுந்தது. ஒவ்வொரு தட்டலும் கன்னத்தில் விழும் அறைபோல் அவள் உடலைக் குலுக்கிற்று. ஓசை அடங்கிய பின்னரும் படத்தை நேரே பார்க்கத் துணிவு வரவில்லை. கண்ணாடிக்குள் மட்டும், ஓரமாய், மெல்லப் பார்த்தாள்.

இரண்டு கண்கள் அவளை நோக்கின. நீண்டு, இமை தாழாமல், பூசையறை நாட்காட்டியில் இருக்கும் சாமியின் கண்களைப்போல் சாந்தமாய் இருந்தன. இடக்கண் சரியவில்லை. அவள் மீண்டும் மீண்டும் பார்த்தாள். அந்த முகத்தில் சடையன் இல்லை.

அவள் முகம் மாறியதை வினோதினி கவனித்துவிட்டாள். அருகே வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"அவரு மாதிரி வரலையாம்மா? போட்டோ இருந்தா குடுங்க. சார் சரி பண்ணிடுவாரு."

ஜோதியம்மாளின் வீட்டுப் பெட்டியின் அடியில், துணிக்குள் சுற்றி வைத்த ஒரு புகைப்படம் இருக்கத்தான் செய்தது.

"போட்டோலாம் இல்லம்மா. இவரே இருக்கட்டும். இவரு என்னப் பாத்ததே இல்ல."

அவள் போய்க் கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். பிறகு படத்தின் எதிரே வந்து நின்றாள்.