மாலை, பென்சில், மரம், இரண்டு வாழைப்பழம்

பிலோமினா கண் விழித்தபோது பக்கத்தில் கணவர் அமலதாஸ் இல்லை. அவர் படுத்திருந்த இடத்தில், விரிப்பின் மேல், நான்கு படங்கள் இருந்தன. ஒரு மாலை. பென்சில் பிடித்துக் கோடு போடும் ஒரு கை. ஒரு பக்கமாகச் சாய்ந்த மரம். இரண்டு வாழைப்பழம்.

சரி, நம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் இது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆள் படமாகிவிடுவார். படங்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு பாட்டின் முதல் வரி கிடைக்கும். அதைப் பாட்டுப் பிரிவு அலுவலகத்தில் போய்ச் சொன்னால் ஆள் திரும்பி வருவார். படம் காய்வதற்குள் சொல்ல வேண்டும். காய்ந்தால் காய்ந்ததுதான். மூக்கையா வீட்டில் அவருடைய அண்ணன் இப்போதும் ஜன்னல் திரையாகத் தொங்குகிறார். தெற்கு வெயிலுக்கு நல்ல மறைப்பு என்று மூக்கையா சொல்வார். சொல்லும்போது திரையைப் பார்க்க மாட்டார்.

பிலோமினா மாலையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தாள். அமலதாஸ் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை அடித்தது.

முதலில் வந்தது அவருடைய அக்கா ரெஜினா. யாரும் சொல்லி அனுப்பவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். மாலையைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மாலை விழுந்திருக்கு பிலோமினா. இனிமே என்ன இருக்கு?"

"மாலைன்னா கல்யாணமாவும் இருக்கலாம்ல, மதினி?"

"அவனுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே."

ரெஜினா மதினி துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி சொல்லக் கிளம்பிவிட்டாள்.

பிறகு பக்கத்து வீட்டு ராவியத்து வந்தாள். அவளுக்கு இதில் அனுபவம் உண்டு. போன நோன்பின்போது அவள் கணவர் காசிம் இரண்டே படமாக ஆகியிருந்தார். ஒரு நிலா, ஒரு ஏணி. அடுப்பில் கஞ்சி கொதிப்பதற்குள் ராவியத்து கண்டுபிடித்துவிட்டாள். காசிம் வந்து உட்கார்ந்து அந்தக் கஞ்சியையே குடித்தார்.

"நாலு படமா?" என்றாள் ராவியத்து. "நாலுன்னா பழைய பாட்டு. அவருக்கு எந்தப் பாட்டு புடிக்கும்?"

பிலோமினா யோசித்தாள். அமலதாஸின் சட்டை அளவு அவளுக்குத் தெரியும். எந்தக் கடைவாய்ப் பல்லில் சூடு பட்டால் கூசும் என்று தெரியும். கோபம் வந்தால் எந்தச் செருப்பை முதலில் மாட்டுவார் என்று தெரியும். பாட்டு தெரியவில்லை.

"தெரியலக்கா."

"குளிக்கையில பாடுவாரா?"

"அந்நேரம் நான் மிக்சி போட்டிருப்பேன்."

ராவியத்து அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு விரிப்பின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் புடி. மடிக்காத. மடிச்சா வந்தப்புறம் முதுகு புடிச்சுக்கும். காசிமுக்கு இன்னும் சரியாகல."

இரண்டு பேரும் விரிப்பை விரித்தபடியே பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் குனிந்து அடியில் புகுந்து போனார்கள். மிதிவண்டிக்காரர் ஒருவர் மணியடித்துவிட்டு அடியில் போனார். வெளியே வரும்போது கொஞ்சம் வயதாகியிருந்தார். "போயிட்டு வாங்க" என்று மரியாதையாகச் சொன்னார்.

பஸ் வந்தது. அது பாட்டுப் பிரிவு வரைக்கும் போகாது. பாட்டுப் பிரிவு அன்றைக்கு எங்கே இருக்கிறதோ, அதற்கு முந்தின நிறுத்தம் வரைதான் போகும்.

"விரிப்பு ஆளா, சாமானா?" என்று நடத்துனர் கேட்டார்.

"ஆள்" என்றாள் பிலோமினா.

"ஆள்னா உட்காரணும்."

பயணிகள் கைகளைத் தூக்கி விரிப்பைத் தாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸுக்குள் இன்னொரு கூரை போட்டதுபோல் ஆகிவிட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சும்மா இருக்க யாராலும் முடியவில்லை.

"மாலை, கை, மரம், பழம். இது சாமி பாட்டு" என்றார் ஒருவர்.

"இல்ல. தோட்டக்காரன் காதலிக்கிற பாட்டு."

"பழம் ரெண்டு இருக்கு. அதனால டூயட்."

ஒரு தவறான பதிலுக்கு ஒரு வளைவு என்று சாலை வளைந்துகொண்டே போனது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "தெரியாதவங்க வாயை மூடுங்க, டீசல் யாரு குடுப்பா?" என்று கத்தினார். பஸ் அமைதியானது. சாலை நேரானது. பிலோமினா அண்ணாந்து மாலையைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு பூவின் நிறம் மங்கியிருந்தது. காயத் தொடங்கிவிட்டது.

இறங்கிய இடத்தில் ஒரு பாலம் இருந்தது. பாலத்தின் அந்தப் பக்கம் பாட்டுப் பிரிவின் கட்டடம் தெரிந்தது. பாலத்துக்கு அடியில் ஆறு ஒன்றும் இல்லை. பாலம் மட்டும் இருந்தது. பாதி தூரம் போனதும் விரிப்பு பாய்மரம்போல் உப்பியது. ராவியத்துவின் கால் தரையை விட்டு எழும்பியது.

"காத்து! காத்து!" என்று கத்தினாள் ராவியத்து. "கெட்டியாப் புடி பிலோமி!"

பிலோமினா கைப்பிடிச் சுவரில் முழங்காலை முட்டுக் கொடுத்து இழுத்தாள். விரிப்பில் இருந்த மரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அதன் இலைகள் எல்லாம் ஒரே பக்கம் ஓடின. படத்தில் இருந்தது மரம் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அக்கா, இது மரம் இல்ல. காத்து."

"அதைத்தானடி நானும் சொல்றேன்! இரு, இரு, என்னைய எறக்கிவிடு மொதல்ல!"

"இரு" என்று பிலோமினா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டு வாழைப்பழம். இரு. காத்து, இரு. காத்திரு.

காற்று நின்றுவிட்டது. ராவியத்து தரையில் இறங்கிச் சேலையைச் சரிசெய்தாள். பிலோமினா விரிப்பைத் தரையில் வைத்து அதன் அருகில் உட்கார்ந்துவிட்டாள். கை கோடு போட்டுக்கொண்டிருந்தது. வரைந்துகொண்டிருந்தது. வரை.

"மாலை வரை காத்திரு" என்றாள்.

ராவியத்து அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தாள். "கேட்ட மாதிரி இல்லையே" என்றாள்.

பாட்டுப் பிரிவின் நடைபாதையில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சிலர் கையில் தலையணை உறை. சிலர் கையில் துண்டு. ஒரு கிழவர் முழுப் பாயைத் தோளில் வைத்திருந்தார். முன்னால் யாராவது தவறாகச் சொன்னால் நடைபாதை ஓர் அறை நீளம் கூடும். பின்னால் நிற்பவர்கள் அலுத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் நடப்பார்கள். பிலோமினாவுக்கு முன்னால் நின்றவர் மூன்று தடவை தவறாகச் சொன்னார். கடைசியில் தன் தலையணை உறையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் போவதைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

மேசைக்குப் பின்னால் தணிகாசலம் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாப் பாட்டும் தெரியும். அதனால் யாரிடமும் அதிகம் பேச மாட்டார்.

"பாட்டு?"

"மாலை வரை காத்திரு."

தணிகாசலம் கண்ணை மூடினார். உள்ளே தேடினார். அவர் நெற்றியில் ஏதோ ஓடுவது வெளியே தெரிந்தது. கண்ணைத் திறந்தார்.

"அப்படி ஒரு பாட்டு இல்லை."

"படம் அப்படித்தான் சார் சொல்லுது."

"படம் சரி. பாட்டு இல்லை."

"இருக்கு சார்."

"யார் பாடினது?"

பிலோமினா மேசைமேல் விரித்திருந்த விரிப்பைப் பார்த்தாள். மாலையில் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது.

"நான்."

"எப்போ?"

"இப்போ."

ராவியத்து அவள் முழங்கையைக் கிள்ளினாள். பிலோமினா பாடிப் பழகியவள் இல்லை. கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைப்பவள். தொண்டையைச் செருமினாள். வாயில் என்ன வந்ததோ அதைப் பாடினாள். 'மாலை' என்ற இடத்தில் குரல் மேலே போய் உடைந்தது. 'வரை' என்ற இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். 'காத்திரு' என்பதை இழுத்து, இறக்கி, தரையில் வைத்தாள்.

நடைபாதை மெதுவாகச் சுருங்கியது. கடைசியில் நின்றவர் மேசைக்கு அருகில் வந்துவிட்டார்.

"இன்னொரு தடவை" என்றார் தணிகாசலம்.

பாடினாள். இந்தத் தடவை பாய்க்காரக் கிழவரும் கூடச் சேர்ந்தார்.

"இதுவா?" என்றார் தணிகாசலம். அவர் முகம் தளர்ந்துவிட்டது. "இதை மறந்துட்டேனே. எங்கம்மா அரிசி புடைக்கிறப்ப பாடுவாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு விரிப்பைத் திருப்பிக் கொடுத்தார். "போங்க. சரியான பதில்தான்."

"அவர் எங்க சார்?"

"பதில்லயே இருக்கேம்மா."

திரும்பும் பஸ்ஸில் அந்த வரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. நடத்துனர் சில்லறையைக் குலுக்கி அதற்குத் தாளம் போட்டார். தன் கல்யாணத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் போட்ட பாட்டு என்று ஓட்டுநர் சொன்னார். யாருக்கும் முதல் வரிக்கு மேல் தெரியவில்லை. அதில் யாருக்கும் குறையும் இல்லை. வரி முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து பாடினார்கள்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. நாற்காலிகள் தெருமுனை வரைக்கும் இருந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்து, மெல்லிய குரலில், அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா மதினி மடியில் ஒரு ரோஜா மாலையை வைத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"பதில் சரியாம், மதினி."

"அப்ப ஆள் எங்க?"

"மாலை வரைக்கும் இருக்கணும். மாலைன்னா பூ இல்ல. சாயங்காலம்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் ரெஜினா மதினி. சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கு அமலதாஸ் தூக்கி வளர்த்த தம்பி. பிலோமினா அவள் தோளில் கை வைத்தாள். ஒருவர்மேல் ஒருவர் கை வைப்பது அந்த வீட்டில் பழக்கம் இல்லாததால் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

பிறகு உள்ளே போய் விரிப்பைக் கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். மின்விசிறியைப் போடவில்லை. போட்டால் சீக்கிரம் காயும்.

வெயில் ஜன்னலில் இருந்து சுவருக்கும், சுவரில் இருந்து பீரோவுக்கும் நகர்ந்தது. மாலை முழுவதும் காய்ந்தது. கை காய்ந்து பென்சிலை நிறுத்தியது. மரத்தில் இலைகள் ஓடுவது நின்றது. பிலோமினா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் விரலில் ஒட்டவில்லை. ஒரே ஒரு வாழைப்பழம் மட்டும் காம்பில் கொஞ்சம் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தின் மேல் உள்ளங்கையைக் குவித்து மூடிக்கொண்டாள்.

வெளியே யாரோ, "நேரமாச்சு, தூக்கிரலாமா?" என்று கேட்டார்கள்.

"இரு" என்றது ரெஜினா மதினியின் குரல். "அவ உட்கார்ந்திருக்காள்ல."

பிலோமினாவுக்கு அழுகை வந்தது. அழுதால் விரிப்பு நனையும், நனைந்தால் நல்லதுதானே என்றும் தோன்றியது. ஆனால் கண்ணீர் வரவில்லை. தொண்டையில் அந்த வரிதான் வந்தது. அதைச் சத்தமில்லாமல் பாடினாள்.

பீரோவின் மேல் இருந்த வெயில் அணைந்தது. உள்ளங்கைக்குக் கீழே எல்லாம் காய்ந்துவிட்டது. கையை எடுத்தாள். விரிப்பில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அமலதாஸ் கைலியோடும் பனியனோடும் உள்ளே வந்தார். வாசலில் ஒரு நாற்காலி காலில் மாட்டியிருந்தது. அதை உதறிவிட்டு வந்தார். தெருவில் இருந்தவர்கள் பாட்டில் மூழ்கியிருந்ததால் அவரை யாரும் கவனிக்கவில்லை.

"என்ன பிலோமி இவ்வளவு கூட்டம்?"

"உங்களுக்குத்தான்."

"என்ன பாட்டு அது? எல்லாரும் பாடுறாங்க."

"தெரியாதா?"

"கேட்டதே இல்ல."

பிலோமினா எழுந்து கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். மடியில் கை வைத்துக்கொண்டு, முகத்தை அவர் பக்கம் திருப்பி, முழு வரியையும் அவருக்குப் பாடிக் காட்டினாள்.

அமலதாஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவள் பாடி அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. பிறகு, அவள் விட்ட சுருதியிலேயே, தயங்காமல் எடுத்தார்.

"வழியெல்லாம் கூட்டம், வந்துகொண்டே இருக்கிறேன்."

வெளியே சத்தம் நின்றது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக வீட்டுப் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு ரெஜினா மதினி அந்த இரண்டாவது வரியைத் தனியாகப் பாடினாள். தெரு முழுவதும் அவளுக்குப் பின்னால் பாடியது.

அமலதாஸ் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"அடுத்தது நீ" என்றார்.

தெரு பாடி முடித்துவிட்டுக் காது கொடுத்தது. பிலோமினா வாயைத் திறந்தாள்.