மதியம் நிறையும் கூடை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. இணையக் கடை ஒன்றில் பக்கங்களை வடிவமைக்கும் ஒரு பெண், தனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை என்னிடம் கொண்டுவந்தாள். கேள்வி சின்னதுதான். ஒரு வாடிக்கையாளர் மதியம் வந்து தன் கூடையை நிரப்புகிறார். சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்துவிடுகிறார். மறுநாள் மதியம் மறுபடியும் அதே பொருள்கள். வாங்குவதே இல்லை.

"ஆசை இருந்தா வாங்கணும். இல்லன்னா அப்படியே போட்டுட்டுப் போகணும். இவங்க ரெண்டும் இல்லையே," என்றாள்.

எனக்கும் புரியவில்லை. "முதலில் கூடை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்கள்" என்றேன். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று யாராவது விளக்கினால் நான் சோறு தண்ணீர் மறந்து கேட்கும் ஆள். அதனால் இந்தக் கதையில் கொஞ்ச தூரம் பாடம் போலத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், பாடம் தெரியாமல் மற்றது விளங்காது.

2

கடைப்பக்கத்தில் தற்செயலாக வைக்கப்பட்டது என்று எதுவும் கிடையாது. 'வாங்கு' என்ற பொத்தான் உங்கள் கட்டைவிரல் தானாக விழும் இடத்தில் இருக்கும்; பெரிதாக, பளிச்சென்று. 'நீக்கு' என்பது சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒதுங்கியிருக்கும். பணம் கட்டும் திசை சறுக்குமரம், திரும்பி வரும் திசை ஏணி. கூடைப் படத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனித விரலுக்குத் தெரியாது. நிறைந்த கூடையை விட்டுவிட்டுப் போனால், 'உங்கள் கூடை காத்திருக்கிறது' என்று கைபேசிக்குச் செய்தி வரும்.

[இங்கே ஒரு பக்கக் குறிப்பு. அது கூடையே அல்ல. எங்கோ ஒரு இயந்திரத்தில் இருக்கும் ஒரு வரி. நீங்கள் ஒரு பொருளை எடுத்துவிட்டால் திரையிலிருந்துதான் மறைகிறது. வரி அங்கேயே இருக்கும். பக்கத்தில் 'எடுக்கப்பட்டது' என்று ஒரு அடையாளம் சேரும், அவ்வளவுதான். மறந்துவிடு என்று இயந்திரத்திடம் யாரும் சொல்லவில்லை.]

3

அன்று காலை அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வானம் இருண்டு, ஏதோ நடக்கப்போவதை

(வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குளிர்பதனம் ஓடும் கூடம், ஜன்னல் திரைகள் எப்போதும் மூடியே இருக்கும்.)

கூடைப் பக்கம் அவள் பொறுப்பில் இருந்ததால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கூடைக்கா. எண்களைக் கவனிக்கும் பையனுக்குப் பெயர் கணக்குப்பிள்ளை. இருவரும் அந்தப் புதிர்க் கூடையைத் திரையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோளில் மாட்டும் பெரிய பை. விலை குறைந்த கைபேசி. சின்னப் பிள்ளைக்கு மழைக்கோட்டு. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு போர்வை. கதவின் உள்பக்கம் பொருத்துகிற ஒரு தாழ்ப்பாள்.

"ஹாஸ்டலுக்குப் போற பொண்ணா இருக்கும்க்கா," என்றான் கணக்குப்பிள்ளை.

"ஹாஸ்டலுக்குப் போற பொண்ணுக்கு எதுக்குடா சின்னப்புள்ள மழைக்கோட்டு?"

"அப்ப வீடு மாறுறாங்க."

"தெனமுமா மாறுவாங்க?"

"எங்கம்மா நான் பொறந்ததுலேர்ந்து வீடு மாறணும்னு சொல்லிட்டிருக்காங்க. இன்னும் அதே வீடுதான்."

சிரிப்புச் சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரே சாமானைத் தெனம் கையில எடுத்து எடுத்து வெக்கிறாங்கன்னா, அதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்கு? விளிம்புல நிக்கிற ஆளு. லேசாத் தள்ளிவிடு, விழுந்துருவாங்க."

4

முதல் வரைவில் கூடைக்காவைப் பேராசைக்காரியாக எழுதினேன். எழுதுவது சுலபமாக இருந்தது. உங்களுக்கும் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவது சுலபமாக இருந்திருக்கும். அதனாலேயே அந்த வரைவு பொய்.

அவள் மாமனாருக்குக் கை நடுக்கம். மருந்து வாங்கப் போய், பொத்தானைத் தவறவிட்டுத் தவறவிட்டு, "இந்தச் சனியன் நகருதும்மா" என்று அவர் கைபேசியை மெத்தையில் போட்டதைப் பார்த்துத்தான் அவள் பொத்தான்களைப் பெரிதாக்கினாள். எங்கே ஒருவர் தடுக்கி நிற்கிறாரோ அங்கே வழியைச் சமமாக்குவது அவள் தொழில். பிறகு அதுவே அவள் கண்ணாகவும் ஆகிவிட்டது. யாராவது திரும்பிப் போனால், வழியில் ஏதோ தடுக்கியிருக்கிறது என்றுதான் அந்தக் கண்ணுக்குப் படும். வேண்டுமென்றே திரும்புகிறவர் ஒருவர் இருக்கலாம் என்று படாது.

எனவே ஒரு புதிய செய்தியை அமைத்தாள். கையால் எடுத்துவிட்ட பொருள்களையும் இயந்திரம் நினைவில் வைத்திருக்கிறதல்லவா? அவற்றின் படங்களைச் சேர்த்து, 'நீங்கள் விரும்பியவை இங்கே பத்திரமாக இருக்கின்றன' என்று அனுப்புவது. மக்கள் வேலை முடிந்து வந்து கைபேசியை எடுக்கும் சாயங்கால நேரத்துக்கு. ஒருநாள் பலிக்காவிட்டால் மறுநாளும். 'இந்தச் செய்தி வேண்டாம்' என்ற இணைப்பை, 'செட்டிங்ஸ்' என்ற அமைப்புகளுக்குள் அமைப்புகளாக, அடியில் ஓரிடத்தில் வைத்தாள்.

செய்தி நன்றாக வேலை செய்தது. நிறையப் பேர் திரும்பி வந்து வாங்கினார்கள். கூடத்தில் கைதட்டினார்கள்.

5

வாடிக்கையாளர்களின் தொலைபேசியை எடுக்கும் பெண் ஒருத்தி உண்டு. எத்தனை வசவு கேட்டாலும் குரல் உயராது. ஆகவே அவள் பெயர் பொறுமை. அவள் ஒருநாள் காலையில் வந்து காதொலிப்பானைக் கூடைக்காவின் தலையில் மாட்டினாள். முந்தின நாள் சாயங்காலம் பதிவான அழைப்பு. பெண் குரல், ரகசியம் பேசுவது போல.

"மெசேஜ் அனுப்பிருக்கீங்களே, அந்தச் சாமானையெல்லாம் நான் எடுத்துட்டேங்க. ஒண்ணுவிடாம எடுத்துட்டுதான் லேப்டாப்பை மூடி வெச்சேன். மறுபடி எப்படி வந்துச்சு?"

"கவலைப்படாதீங்க மேடம், உங்களுக்காகப் பத்திரமா வெச்சிருக்கோம். இப்பவே ஆர்டர் போட்டுரலாமா?" இது பொறுமையின் குரல். வார்த்தைகள் கூடைக்கா எழுதிக்கொடுத்தவை.

"ஐயோ, வேணாங்க. இது அவரு நம்பரு. நேத்து வந்ததை நான் முந்திக்கிட்டுப் பாத்து அழிச்சிட்டேன். இன்னிக்கும் படத்தோட வந்திருக்கு. எங்க நிறுத்தறதுன்னே தெரியல. அவரு குளிக்கிறாரு. இனிமே வராம மட்டும் பண்ணிருங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணிய—"

கதவு திறக்கும் சத்தம். ஆண் குரல். கோபமே இல்லாத குரல்.

"என் போன்ல யாருகிட்ட பேசிட்டிருக்க? இங்க குடு."

அத்துடன் இணைப்பு நின்றது.

6

இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. அவள் பொருள் வாங்க வரவில்லை. ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறெங்காவது போய் இருக்க என்னென்ன வேண்டும் என்று மதியம் தனியாக இருக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். அவன் திரும்பி வந்து அதே கடைக் கணக்கைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருக்கிறாள். ஏணியாக அமைக்கப்பட்ட வழியில், பொடி எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டு, தினமும்.

[இரண்டாவது பக்கக் குறிப்பு. கடைக்கு ஒரு கணக்கு என்றால் ஒரு ஆள். வீட்டுக்குள் அப்படி இல்லை. கணக்கு அவன் பெயரில், எண் அவனுடையது. கூடையைத் தொடுவது அவள் விரல். இயந்திரம் இரண்டையும் ஒரே மனசு என்று எடுத்துக்கொண்டு, ஒருத்தி ஒளித்ததை, யாரிடமிருந்து ஒளித்தாளோ அவனிடமே கொண்டுபோய்க் காட்டியது.]

கூடைக்கா காதொலிப்பானைக் கழற்றினாள்.

"திரும்பக் கூப்பிடட்டுமாக்கா?" என்றாள் பொறுமை.

"எந்த நம்பருக்கு?"

தொலைபேசி அவனுடையது. மின்னஞ்சல் அவனுடையது. பொட்டலம் அனுப்பினாலும் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவன் அவன். வாடிக்கையாளரை எட்டிப் பிடிக்க அந்தக் கடைக்குத் தெரிந்த எல்லா வழியும் அவன் சட்டைப்பையில் போய்தான் முடிந்தது.

மேலாளரிடம் போனார்கள். அழைப்பை அவரும் கேட்டார்.

"போலீஸுக்குப் போலாம் சார். விலாசம் நம்மகிட்ட இருக்கு," என்றாள் கூடைக்கா.

"போய் என்னன்னு சொல்லுவ? அடிச்சான்னு யார் சொன்னா? 'இங்க குடு'ன்னான். ஒரு தாழ்ப்பாள் வாங்கப் பாத்தாங்கன்னா புகார் எழுதுவ?" பிறகு தணிந்த குரலில், "நாமளே போய்க் கதவைத் தட்டி அவனுக்குத் தெரியாததையும் தெரிய வெச்சுட்டா?" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கணக்கை மதியத்தில் யாரும் திறக்கவில்லை.

7

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

கூடைக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போகிறாள். மாடிக் கொடியில் துணி காய்கிறது. ஒரு பெண் துணியை எடுக்க வருகிறாள், கீழே நிற்கும் புது முகத்தைப் பார்க்கிறாள், உடனே (அடித்துவிட்டேன். இது கூடைக்காவின் மனச் சமாதானத்துக்காக எழுதப்பட்ட காட்சி. அந்தப் பெண்ணுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.)

அந்தப் பெண் ஏற்கெனவே கிளம்பிவிட்டாள். வேண்டிய சாமானை எல்லாம் எங்கோ ஒரு சாதாரணக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கி (இதை எழுத எனக்கு ரொம்ப ஆசை. ஆசை என்பதைத் தவிர கையில் ஆதாரம் எதுவும் இல்லை.)

மூன்றாவதை எழுதத் தொடங்கினேன். அவன் கைபேசியை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். மழைக்கோட்டில் வந்து

அந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். முடிக்கத் தெரியும் என்பதுதான் பயம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது கூடைக்காவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. முடித்துத்தான் ஆகவேண்டும் என்றால் நீங்கள் முடியுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உங்களுக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒரு முடிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

8

எனக்குத் தெரிந்தது மிச்சம் ஒன்றுதான், அது வேலை சம்பந்தப்பட்டது.

அழைப்பைக் கேட்ட அன்றே கூடைக்கா யாரையும் கேட்காமல் அந்தச் செய்தியை நிறுத்தினாள்.

"விக்கிறது கொறையுமே," என்றார் மேலாளர்.

"கொறையும் சார்."

"மேலிடத்துல என்னன்னு சொல்றது?"

"எடுத்தவங்க எடுத்ததுதான்னு சொல்லுங்க."

அவள் போய் உட்கார்ந்து புதிய விதியை எழுதினாள். தன் கணக்கில் ஒரு குடையை வைத்து, எடுத்துவிட்டு, வரியைத் தேடச் சொன்னாள். கணக்குப்பிள்ளை நெடுநேரம் துழாவினான். "ஒண்ணுமே இல்லக்கா. நீங்க குடையே பாக்கலன்னு சொல்லுது," என்றான்.

விதி இப்படி: வாடிக்கையாளர் தன் கையால் கூடையிலிருந்து எடுத்துவிட்ட பொருளின் வரியை இயந்திரம் அந்த நொடியே முழுதாக அழித்துவிட வேண்டும். அதைப் பற்றி எந்த எண்ணுக்கும், எந்த முகவரிக்கும், படமாகவோ எழுத்தாகவோ எதுவும் போகக் கூடாது.