பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

விஜயதசமி அன்று காலை கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து பார்த்தசாரதி சார் போன் செய்து, "நீங்க என்னை ஏமாத்திட்டேள்" என்றார். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று சிரித்துக்கொண்டே எடுத்தவள் நான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அது 2001ஆம் வருஷம். செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் நானும் என் வீட்டுக்காரர் மணியும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குவார்ட்டர்ஸில் நாங்கள் கொடுத்த முதல் மிஷின் சாருடையதுதான். அதைப் பார்த்துவிட்டு அவர் பிளாக்கில் நாலைந்து வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆர்டர் வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் மணி மறுபடி டிவி மெக்கானிக் வேலைக்குத்தான் போக வேண்டும்.

சார் என்ன செய்திருக்கிறார் என்றால், நல்ல நாளாயிற்றே என்று அந்த வீட்டுக்காரர்களையெல்லாம் அழைத்து, எல்லோர் முன்னாலும் கம்ப்யூட்டரை ஆன் செய்திருக்கிறார். ஆன் ஆனதும் திரையில் முதலில் ப்ராசஸரின் வேகம் வரும். நாங்கள் விற்றது ஆயிரம் மெகாஹெர்ட்ஸ். திரை காட்டியது எழுநூற்றைம்பது.

மணியின் முகம் செத்துப்போயிற்று. "மெட்ராஸ் ரிச்சி தெருல நானே டப்பாவப் பிரிச்சுப் பார்த்து வாங்கியாந்தேன் வசந்தா. இங்க ஓட்டிப் பார்த்தப்போ ஆயிரம்தான காட்டுச்சு? நீயும் பார்த்த இல்ல?"

"பார்த்தேன்யா. அதுக்கு நீ இன்னாத்துக்கு அழுவுற? நான் போய் கேட்டுக்கினு வரேன்."

மணி நல்ல மனுஷன். அவருக்குச் சண்டை வராது. எனக்கு நன்றாக வரும். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, சாரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னென்ன கேட்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். என் உதடு அசைவதைப் பார்த்த பக்கத்து சீட்டு அம்மாள், நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சார் வீட்டு ஹாலில் அத்தனை பேரும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். சாரின் மனைவி ஞானம்பாள் மாமி எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே ஒரே மங்களகரமாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பொட்டு, ஃபேனுக்கு ஒரு பொட்டு, மதர்போர்டில் இடம் கிடைத்த இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும்.

"இன்னா சார் இது?"

"நேத்து ஆயுத பூஜைம்மா. ஆபீஸ்ல எல்லாக் கருவியையும் தொடச்சுப் பொட்டு வைப்போம். இது மட்டும் என்ன பாவம் பண்ணித்து?"

"வெளிய ஒரு பொட்டு வெச்சா பத்தாதா சார்?"

"மூளை உள்ளேன்னா இருக்கு!"

ஃபேனைக் கழற்றி ப்ராசஸரை வெளியே எடுத்துக் காட்டினேன். ஆயிரம் என்று அதன் தலையிலேயே அச்சடித்திருந்தது. சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அச்சு யார் வேணா அடிக்கலாம். திரையில வரணுமே" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன்.

"தொடைக்கும்போது ஏதாச்சும் கழண்டு வந்துச்சா?"

"ஒண்ணும் வரலையே."

"பொய் சொல்லாதேள்" என்றார் மாமி. "கறுப்பா மிளகாட்டம் ஒண்ணு விழுந்துடுத்துன்னு கட்டிலுக்கடியில டார்ச் அடிச்சுத் தேடினது யாரு?"

"அதான் எடுத்துத் திரும்பப் போட்டுட்டேனே!"

போட்டிருந்தார். இடம் மாற்றிப் போட்டிருந்தார். ஜம்பர் என்கிற சின்ன மூடி அது. மதர்போர்டில் வரிசையாக மூன்று ஊசிகள் இருக்கும். முதல் இரண்டில் அந்த மூடியை மாட்டினால் போர்டு வேகமாகத் தாளம் போடும், கடைசி இரண்டில் மாட்டினால் மெதுவாக. தாளம் மெதுவாகப் போனால் ஆடுகிறவரும் மெதுவாகத்தானே ஆட வேண்டும்? பாவம், ஆயிரம் ஆடக்கூடிய ப்ராசஸர் எழுநூற்றைம்பதே ஆடியது. திரையும் அதைத்தான் சொன்னது.

ஊசியில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். மூடியைப் பழைய இடத்தில் மாட்டி, எல்லாவற்றையும் பொருத்தி, ஸ்விட்சைப் போட்டேன். ஹாலில் சுண்டல் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

ஆயிரம்.

பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்ததையெல்லாம் அவிழ்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ. கார்த்தால உங்க முன்னாடிதான் இவாளை ஏமாத்துக்காரான்னு சொன்னேன். அதனால இதையும் உங்க முன்னாடியே சொல்றேன். மிஷின் நல்ல மிஷின். கெடுத்தது நான். மன்னிச்சுக்கோம்மா."

என் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டிவிட்டது. மாமி என் கையைப் பிடித்து உட்காரவைத்து, சுண்டலை நீட்டினார். அவ்வளவு சந்தோஷத்தோடு நான் சுண்டல் தின்றதே இல்லை.

எதிர்வீட்டு முத்துசாமி சார் மெல்லக் கிட்டே வந்தார். "எங்கிட்டயும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும்மா. மூடியை மாத்தினா அதுவும் ஆயிரம் ஆயிடுமா?"

"அது ஆவாது சார். புதுசு வாங்குங்க."

"சரி, எழுதிக்கோங்க" என்றார். ஹாலே சிரித்தது. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

சார் வீட்டுப் போனிலிருந்தே கடைக்குப் பேசினேன்.

"இன்னா வசந்தா, ரொம்பத் திட்டினாரா?" மணியின் குரலே எழும்பவில்லை. "ஷட்டர பாதி எறக்கிட்டு உள்ள குந்திகினு கீறேன். எவன் மூஞ்சில முழிக்கிறது?"

"நம்ம மேல தப்பு இல்லய்யா. சாரே எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாரு. அஞ்சு வூட்ல மிஷின் கேட்டுக்கீறாங்க."

அந்தப் பக்கம் ரிசீவர் மேஜைமேல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு, செங்கல்பட்டில் எங்கள் கடை ஷட்டர் கடகடவென்று மேலே போவது கல்பாக்கத்தில் என் காதில் விழுந்தது.