ஹாங்க் திறக்காத கதவு

ஹாங்க்குக்கு லைட்டு போடத் தெரியும். சாவி, சாக்ஸ், மாத்திரை டப்பா, எது கீழ விழுந்தாலும் கவ்வி மடியில வைப்பான். கதவை மட்டும் திறக்க மாட்டான். பதினாலு மாசமா இந்த லாப்ரடார் தடியனோட ஒரே செல்லுல கிடக்கிறேன், என் உயிரை வாங்கறதுக்குன்னே அது ஒண்ணை பாக்கி வச்சிருக்கான்.

எங்க பெண்கள் ஜெயில்ல நாய் வளர்க்கிறவங்க பன்னெண்டு பேரு. குட்டியா வரும், பழக்கிக் கொடுத்தா சக்கர நாற்காலியில இருக்கிறவங்களுக்குத் துணையாப் போகும். ஹாங்க்குக்காக விச்சிட்டாங்கிற ஊருல ஒரு அம்மா ரெண்டு வருஷமா காத்திருக்காங்க. என்னோட முதல் நாய் பரீட்சை நடுவுல அணிலைத் துரத்திக்கிட்டு ஓடித் தோத்துச்சு. இவனும் தோத்தா என்னைப் பழையபடி சலவை வேலைக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் எனக்கு நாயே கிடையாது, அதான் இங்க சட்டம்.

பரீட்சை வைக்கிற கெஸ்லர் மேடம் வெளியில இருந்து வர்றவங்க. பார்வையாளர் அறைக் கதவுல கயிறு கட்டிட்டு, தானே ஒரு சக்கர நாற்காலியில உட்கார்ந்தாங்க. கதவு பூட்டக்கூட இல்ல. "இழு"ன்னேன். ஹாங்க் ஜம்முனு போனான், கதவு முன்னால உட்கார்ந்தான், அண்ணாந்து பார்த்தான். மேசை இழுப்பறையில கயிறு கட்டி ஆயிரம் தடவை இழுக்க வச்சிருக்கேன், அதெல்லாம் எங்க போச்சோ. நான் தொண்டை கிழியச் சொல்றேன், அவன் வாலை ஆட்டுறான். மேடம் பெருமூச்சு விட்டுட்டு, அடுத்த வியாழன் கடைசி வாய்ப்புன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.

செல்லுக்கு வந்து நாயைத் திட்டித் தீர்த்தேன். கூட இருக்கிற ஒடெட்டா மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா.

"அவன் என்னடி பண்ணுவான்? பஸ்ஸர் அடிக்கலையே."

எனக்கு அப்பதான் உறைச்சுது. இங்க எந்தக் கதவுலயும் நாங்க கை வைக்கிறதில்ல. முன்னால போய் நிக்கணும், கண்ணாடிக்குப் பின்னால ஆபீசர் பட்டனை அமுக்கணும், பஸ்ஸர் அடிக்கும், கதவு தானா நகரும். ஹாங்க் குட்டியா இங்க வந்ததுல இருந்து பார்த்த கதவெல்லாம் அப்படித்தான்.

பூட்டாத கதவு ஒண்ணு வேணும்னு ஆபீசர் விகின்ஸ்கிட்ட நின்னேன். ஜெயில்ல வந்து பூட்டாத கதவு கேட்ட முதல் ஆள் நீதான்னாரு. ரெண்டு நாள் காகிதத்துலயே போச்சு. கடைசியில துடைப்பம் வைக்கிற அறையைத் திறந்து விட்டாங்க.

ஹாங்க்கை உட்கார வச்சு, "பாருடா, இப்படித்தான்"னு சொல்லிக் கதவுகிட்டப் போனேன். போய் நின்னேன். கை எழும்பல.

"நீ யாருக்குடி காத்திருக்க?" வேடிக்கை பார்க்கக் கூட வந்த ஒடெட்டா கேட்டா. இந்தத் தடவை அவ சிரிக்கல.

பதினேழு வருஷம் ஆச்சு நான் ஒரு கதவைத் திறந்து. அந்தத் துடைப்பக் கதவை எட்டி உதைக்கலாம் போல எரிச்சல் வந்துச்சு. என்னைப் பார்த்து அவன் கத்துக்கிட்டதுக்கு, பழியை அவன் தலையில போட்டிருக்கேன்.

அப்புறம் நாலு நாள் நானும் அவனும் சேர்ந்தே படிச்சோம். நான் கைப்பிடியைத் திருகித் திறப்பேன், அவன் கயித்தை இழுப்பான், ஒரு விரல் வேர்க்கடலை வெண்ணெய் தருவேன். ஆள் தாண்டிப் போற வரைக்கும் கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும், "விடு"ன்னாத்தான் விடணும், அதையும் சேர்த்தே பழக்கினேன்.

வியாழக்கிழமை வந்துச்சு, அதே பார்வையாளர் அறை, அதே கதவு. "இழு"ன்னேன். ஹாங்க் அண்ணாந்து பார்க்கல. கயித்தைக் கவ்வி ஒரே இழுப்பு, கதவு திறந்துச்சு. கெஸ்லர் மேடம் நாற்காலியை உருட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போனாங்க. பாஸ்னாங்க. இப்படியே கூட்டிட்டுப் போறேன், விச்சிட்டாவுக்குப் போன் பண்ணிடறேன்னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா அந்தத் தடியன் கயித்தை விடல. மேடம் மூணு தடவை சொல்லிப் பார்த்தாங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். நான் தாண்டிப் போகணுமாம். கதவுக்கு முன்னால தரையில மஞ்சக் கோடு இருக்கு, கைதிங்க அதைத் தாண்டக் கூடாது. அதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்ல.

"ரொபெர்ட்டா, நீங்களே சொல்லுங்க"ன்னாங்க மேடம்.

கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னு, "விடு"ன்னேன்.

விட்டுட்டு மேடம் பக்கம் போனான். கதவு சாத்திக்கிச்சு. எனக்குப் பின்னால இருக்கிற கதவுகிட்டப் போய் நின்னேன், கொஞ்ச நேரம் கழிச்சு பஸ்ஸர் அடிச்சுது.