ஜெனிபருக்குக் கூடிய கூட்டம்

விருத்தாசலத்தில் அந்தக் கலைக் கல்லூரியின் தேர்தல் விழிப்புணர்வுக் குழுவுக்கு இளமதிதான் மாணவத் தலைவி. வரலாறு மூன்றாமாண்டு. வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி, தொண்டை கட்டும் வரை ஓட்டின் அருமையைப் பேசினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டிவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று வந்தது அவளுடைய தோழிகள் மட்டும்தான்.

குழுவைப் பார்த்துக்கொண்ட ரீட்டா மேடம், ஒத்தாசைக்கு என்று முதலாமாண்டு ஜெனிபரை அனுப்பினார். செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் பிலோமின்ராஜின் மகள். மைக்கைக் கொடுத்தால் அவளுக்குப் பேச்சு வராது. ஆனால் பஸ்ஸிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் அவள் வாய் ஓயாது. போகிற இடமெல்லாம் ஓட்டுப் பேச்சுதான்.

ஒரு நாள் பெண்ணாடத்திலிருந்து வரும் சண்முகப்ரியா, இளமதியைத் தேடி வந்து உற்சாகமாகச் சொன்னாள்.

“கட்டிக்குடுக்கற எடத்துல பேர சேத்துக்கலாம், இப்ப எதுக்குன்னு எங்கப்பா சொல்லிட்டாருக்கா. ஞாயித்துக்கெழம ஜெனி எங்க வூட்டுக்கே வந்துட்டா. ‘கல்யாணம் எப்பன்னு ஒங்களுக்கே தெரியாது, எலெக்சன் வரப்போறது ஊருக்கே தெரியும். அதுவரைக்கும் இவ எந்த ஊருப் பொண்ணுப்பா?’ன்னு கேட்டா. அப்பா சிரிச்சிட்டாரு. அவரே ஆதார் கார்ட எடுத்துக் குடுத்தாருக்கா!”

இளமதியும் சிரித்தாள். வயிறு மட்டும் எரிந்தது. அத்தனை நாள் எழுதி எழுதித் திருத்திய பேச்சில் இப்படி ஒரு வார்த்தை தனக்கு ஏன் வரவில்லை? அதற்குப் பிறகு காதில் விழுவதெல்லாம் ஜெனி, ஜெனி என்றே இருந்தது. ரீட்டா மேடமும் அறைக்குள் நுழையும்போதே, “ஜெனிபர் எங்க?” என்றுதான் கேட்டார்.

பெயர் சேர்ப்பு முகாம் நடந்த அன்று தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர்கள் ஹாலில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. “இந்தக் கூட்டத்துக்கு ஜெனிபர்தான் காரணம்” என்று மைக்கில் சொன்னார் மேடம். இளமதி பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் பெயர் வரவில்லை.

ஜெனிபரின் கல்லூரி அடையாள அட்டையில் பிறந்த தேதியை இளமதி எப்போதோ பார்த்திருந்தாள். மைக்கை வாங்கி, விளையாட்டுபோலக் கேட்டாள்.

“எல்லாரையும் கூட்டியாந்த ஜெனிபரு தன் பேர சேத்துட்டாளான்னு கேளுங்க!”

ஜெனிபர் தலை குனிந்தாள். “எனக்கு இன்னும் பதினெட்டு ஆவல. எலெக்சன் முடிஞ்சப்பறந்தான் ஆவும்.”

“ஓட்டே இல்லாதவளா எங்கள இழுத்தாந்தா?” என்றான் வரிசையில் நின்ற பிரின்ஸ். ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பு இளமதிக்குத் தித்தித்தது. ஆனால் ஜெனிபர் வெளியே போனதும் வரிசையின் பின்பக்கம் கலையத் தொடங்கியது. “தெரிஞ்சேதான கேட்ட?” என்றார் மேடம், மெதுவாக.

சைக்கிள் ஸ்டாண்டில் ஜெனிபர் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“வேணும்னுதான் கேட்டேன் ஜெனி” என்றாள் இளமதி. “உம்மேல எனக்கு…”

“தெரியும்க்கா. நீங்க பொய் ஒண்ணும் சொல்லலியே.” ஜெனிபர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “உள்ள நின்னவங்க எல்லாம் கலஞ்சி போறாங்களா?”

“போறாங்க.”

சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு அவள் திரும்பி ஓடினாள். வராந்தா பெஞ்சின் மேல் ஏறி, மைக் இல்லாமல் கத்தினாள். “ஆமா, இந்தத் தடவ எனக்கு ஓட்டு இல்ல! அதான் இருக்கறவங்களக் கெஞ்சுறேன். ஒங்களுக்கு வேணாம்னா எனக்குக் குடுத்துடுங்க, நா போட்டுக்கறேன்!”

யாரோ விசிலடித்தார்கள். பிரின்ஸே முதலில் திரும்பி வந்து நின்றான். மேசையருகே ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, சாயங்காலம் வரை படிவம் எழுத உதவினாள் இளமதி. நெஞ்சுக்குள் அந்த எரிச்சல் அணையவில்லை. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை.

தேர்தலன்று வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்திலிருந்து விரலில் மையோடு இளமதி வெளியே வந்தபோது, ஜெனிபர் தன் தெருப் பெண்களை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தாள். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். இளமதியின் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

“எவ்ளோ பொறாமையா இருக்குது தெரியுமாக்கா ஒங்க மேல!” என்று பளிச்சென்று சிரித்தாள்.

எத்தனையோ மாதம் தான் மென்று விழுங்கிய சொல்லை இவள் இப்படித் தெருவில் நின்று சொல்லிவிட்டாளே என்று இருந்தது இளமதிக்கு. அதற்காகவும் அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

“வா, ஜூஸ் குடிக்கலாம்” என்றாள்.