மாமா கண்டெடுத்த கல்

ஒரு நாள் காலையில் ஏரிக்கரைக்கு நடக்கப் போன மாமனார் ஒரு கல்லோடு வீடு திரும்பினார். மாதுளம்பழ அளவு, கையில் நிற்காத வழவழப்பு, அளவுக்கு மீறிய கனம். கூடத்தில் மெத்தை வைத்த நாற்காலி அதற்குக் கிடைத்தது. அதுவரை அதில் உட்கார்ந்து வந்த மாப்பிள்ளை மாடிப்படிக்கு மாறினான்.

வீடு கிடைக்கும்வரை என்று வந்தவன் வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டான். கொடுமை ஒன்றுமில்லை, அதுதான் சங்கடமே. குளித்துவிட்டு வருவதற்குள் இஸ்திரி போட்ட சட்டை தொங்கும், மாமனார் பார்த்து எடுத்த சட்டை. செருப்புகூட அவர் நடத்தும் செருப்புக் கடையிலிருந்துதான், அரை அளவு சின்னதாக. "போடப் போட சரியாயிடும்" என்பார்.

ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டைப் பேசி வைத்திருந்தான். கல் வந்து ஒரு வாரமாகியும் மாமனாரிடம் சொல்லவில்லை. "இன்னிக்காவது அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்று மனைவி நச்சரித்தாள்.

"மாமா, ஒரு விஷயம்..."

"கல்லைப் பத்தித்தானே?" அவர் முகம் மலர்ந்தது. "நான் டைனோசர் முட்டைங்கறேன், நம்ம எதிர்வீட்டுத் தையல்காரன் பீரங்கிக் குண்டுங்கறான். உங்க ஆஸ்பத்திரியில ஒரு படம் எடுத்துடுங்க மாப்பிள்ளை."

அவன் கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். நாய்க்கும் பசுவுக்கும் நடுவே கல்லைப் படுக்க வைத்துப் படம் எடுத்தான். வெட்டிய வெங்காயம்போல் வளையம் வளையமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு ஆணி.

டாக்டரம்மா பார்த்ததும் சிரித்துவிட்டார். "குதிரைக் குடல்ல உண்டான கல்லுப்பா இது. ஆணியை முழுங்கியிருக்கு. அதைச் சுத்தி உப்புப் படிஞ்சு படிஞ்சு இவ்வளவு ஆயிருக்கு. ஏரிக்கரையில முன்னாடி சவாரிக் குதிரைங்க இருந்துச்சே!"

"குதிரைக்கு வலிக்காதா டாக்டர்?"

"வழியை அடைக்கிறவரைக்கும் அதுக்கே தெரியாது."

மாமனாரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் அவன் கிளம்பினான். வாசலிலேயே செருப்புகள் குவிந்து கிடந்தன. கல் என்னவென்று கேட்கக் கூடம் நிறைய ஆட்கள், கையில் டீ.

"வந்துட்டார் எங்க நிபுணர்! சொல்லுங்க மாப்பிள்ளை."

"உள்ள வாங்க மாமா, சொல்றேன்."

"எல்லாரும் நம்மாளுங்கதான். சும்மா சொல்லுங்க!"

தப்பிக்க வழியில்லை. சொன்னான். தையல்காரர்தான் முதலில் வெடித்தார்: "அப்போ இத்தனை நாளா குதிரை வயித்துல இருந்ததையா மெத்தையில வெச்சுக் கொஞ்சினே?" கூடமே குலுங்கியது. மாமனாரும் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. எல்லாரும் போனபின் கல்லைத் துணியில் சுற்றித் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோனார். சாப்பிட வரவில்லை.

"நல்ல நாள் பார்த்தீங்க. இப்போ நாம கிளம்பினா, அவமானமும் பண்ணிட்டு வீட்டையும் விட்டுப் போறாங்கன்னு ஆயிடும்" என்றாள் மனைவி.

பேசி வைத்த வீட்டின் சொந்தக்காரருக்கு அவன்தான் போன் செய்தான். வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொன்னான்.

விடிந்ததும் கதவு தட்டப்பட்டது. மாமனார் தொப்பியோடு நின்றிருந்தார். முகத்தில் பழைய களை.

"தனியாப் போய்த்தான் ஏமாந்துட்டேன் மாப்பிள்ளை. இனிமே தினமும் நீங்களும் வாங்க. எது கல்லு, எது குதிரைன்னு அங்கேயே பார்த்துச் சொல்லிடலாம்."

"ஆஸ்பத்திரிக்கு நேரமாகுமே மாமா..."

"அதுக்குத்தான் சீக்கிரமா எழுப்பினேன்."

மனைவி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவன் குனிந்து, காலை அந்தச் செருப்புக்குள் திணித்தான்.