டாங்கிக்குள் அகப்பட்டவர்

மன்னாரில் கவச வாகனங்களுக்குப் பயந்து ஓடி, அந்தப் பயத்தையே காரணமாகச் சொல்லி சுவிசில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் அந்தோனிதாஸ். அதே மனிதர் சனிக்கிழமை தோறும் ஒரு டாங்கிக்குக் கிறீஸ் பூசப் போனால் துன் நகரத்துத் தமிழர் என்னதான் நினைப்பார்கள்? ஆளுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள் சிலர். வீட்டில் ஏதோ கரைச்சல் என்றார்கள் மற்றவர்கள்.

டாங்கிக்குப் பெயர் ஜி-13. உலக யுத்தம் முடிந்த கையோடு சுவிஸ் இராணுவம் வாங்கி, ஓட்டி, பிறகு கழித்துவிட்ட சாமான். பீரங்கி இனி ஒருநாளும் சுடாதபடி அடைக்கப்பட்டு, ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில் மாட்டுக்கு வைத்த வைக்கோலுக்குப் பக்கத்தில் நின்றது. அதைப் பழையபடி ஓட வைப்பதற்காக ஓய்வுபெற்ற சுவிஸ்காரர் சிலர் ஒரு சங்கம் நடத்தினார்கள். தலைவர் உவேலி, ஏரிக் கப்பல்களில் எஞ்சின் பார்த்து ஓய்ந்தவர். அந்தோனிதாஸ் குடியிருந்த அதே மாடிக் கட்டிடத்தில் கீழ்வீட்டில் இருந்தார்.

இருவருக்கும் பழக்கம் வந்தது 2012இல், கட்டிடத்தின் பொது உடுப்புத் தோய்க்கும் அறையில். உவேலியின் எண்ணெய் படிந்த ஓவரோல் உடுப்பைத் தோய்த்த மெஷினில் அடுத்ததாகத் தோய்க்கப்பட்ட அந்தோனிதாசின் வெள்ளைச் சமையல் சட்டைகள் சாம்பல் நிறமாக வெளியே வந்தன. அவர் சண்டைக்கென்றுதான் படியிறங்கிப் போனார். உவேலி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு மெக்கானிக் வேலை வருமோ?" என்று கேட்டார்.

"ஊரிலை தண்ணிப் பம்ப் கழட்டியிருக்கிறன்" என்றார் அந்தோனிதாஸ். அது பொய்யில்லை. கழற்றியது அவர்தான். திரும்பப் பூட்டுவதற்குத்தான் வேறொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

முதல் சனிக்கிழமையே அவரை மேல்மூடி வழியாகத் தலைகீழாக உள்ளே இறக்கி, கியர்பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு நட்டை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கிழவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். தனக்குள் ஒரு பொறியியலாளன் இத்தனை காலமும் உறங்கிக் கிடந்திருக்கிறான் என்று அந்தோனிதாஸ் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒரு வசனம் இருந்தது. "என்னுடைய பயத்தை ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பார்க்கிறேன்." ஜெர்மன் மொழியில் அது இன்னும் நன்றாக இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை அதைப் படத்தோடு போட்டது. அந்தப் பக்கத்தை அவர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அவருடைய மனைவி மரியகொறற்றிக்கு மட்டும் சங்கதி தெரியும். சனிக்கிழமை வீடு துப்புரவாக்கும் நாள்; மனிசன் தும்புக்கட்டையைக் கண்டால் டாங்கியடிக்கு ஓடிவிடுவார். அவ அதை வெளியே சொல்லவில்லை. ஆனால் கொட்டில் பக்கம் ஒருநாளும் போனதுமில்லை. வள்ளமேற ஓடி வந்த பாதையில் அவவும்தான் கவச வாகனங்களைக் கண்டவ.

வருடங்கள் போகப் போக டாங்கி இளைத்தது. துருவும் பழைய பெயின்றும் கழன்றன. அந்தோனிதாஸ் பெருத்தார். ஹோட்டல் சமையலறையில் வெண்ணெய்க்கும் சீஸுக்கும் நடுவில் நின்று வேலை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து சோறும் சாப்பிடுகிற மனிதர். உள்ளே இறங்குகிற வேலை வந்தால், "நான் வெளியாலை சங்கிலியைப் பாக்கிறன்" என்று மெல்ல நழுவப் பழகிக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தார்.

2018 கோடையில் சங்கம் ஒரு காட்சி நாள் வைத்தது. டாங்கி முதன்முதலாகச் சனத்துக்கு முன்னால் ஓடப்போகிறது. அந்தோனிதாஸ் தமிழ்ப் பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் கையைப் பிடித்துச் சொல்லி அழைப்பு விடுத்தார். தான்தான் ஓட்டப்போவதாகவும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வழக்கமாக ஓட்டுபவருக்கு முழங்காலில் நோ என்ற செய்தி வந்ததும் கையைத் தூக்கிய முதல் ஆள் அவர்தான்.

உள்ளே போகும்போதே அறிகுறி தெரிந்தது. சாரதி மேலே ஏறி, மூடி வழியாக இறங்கி, பீரங்கியின் அடிப்பாகத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஊர்ந்து முன் இருக்கைக்குப் போக வேண்டும். இரண்டு கிழவர்கள் மூட்டை ஏற்றுவது போலத் தோளால் தள்ளித்தான் அவரை அனுப்பி வைத்தார்கள். ஆனால் ஓட்டம் நன்றாகவே நடந்தது. புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றுக்கு அப்பால் நின்ற சனத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கைதட்டல் இரும்பையும் தாண்டி உள்ளே கேட்டது. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு எழும்பினார். பாதியில், பீரங்கிக்கும் சுவருக்கும் நடுவில் வயிறு அகப்பட்டுக்கொண்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை.

மேலே மூடியில் உவேலியின் முகம் தெரிந்தது. "என்ன, வாறாய்தானே?"

"கொஞ்சம் பொறு."

உவேலி குனிந்து நன்றாகப் பார்த்தார். "ஐயோ தாஸ், உன்னைச் சங்கத்திலை சேர்த்ததே நீ மெலிஞ்ச ஆள் எண்டுதானே. நாங்கள் ஒருத்தரும் இதுக்குள்ளை கொள்ளமாட்டம் எண்டு."

பொறியியலாளன் அந்த இடத்திலேயே செத்தான். அதற்குத் துக்கப்படக்கூட அந்தோனிதாசுக்கு நேரமிருக்கவில்லை. சூடும் எண்ணெய் மணமும் மூக்கிலடித்தன. வெளியே தமிழ்க்குரல்கள், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், கூடவே ஒரு குழந்தையின் அழுகை. இத்தனை வருடம் கழற்றியதாகச் சொல்லித் திரிந்த ஆணியெல்லாம் ஒரு நிமிடத்தில் தாமாகவே இறுகின. வாயில் வந்தது செபம் மட்டும்தான். அதுவும் பாதியில் மறந்து மறந்து வந்தது.

மேலே செருப்புச் சத்தம் கேட்டது. உவேலியின் முகம் விலகி மரியகொறற்றியின் முகம் வந்தது. அவவைக் காட்சி பார்க்கவென்று கூட்டிக்கொண்டு வந்தவர், பூசைக்கு வருகிறவர்களில் ஒருவரான வரதராசா. கயிற்றைத் தாண்டி டாங்கியில் ஏறச் சொல்லி யாரும் அவவிடம் சொல்லவில்லை.

"இஞ்சேருங்கோ, மூச்சை விடுங்கோ முதல்லை" என்றா. குரல் நடுங்கியதை அவர் கேட்டார். அடுத்து அவ கால்களை உள்ளே விட்டு இறங்கி அவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டா. அவவுக்கு அந்த இடம் தாராளமாக இருந்தது. "ஓவரோலைக் கழட்டுங்கோ. அதுதான் மடிஞ்சு கிடந்து பிடிக்குது."

"வெளியிலை சனம் நிக்குது."

"அப்ப அடுத்த ஞாயிறு பூசைக்கும் இதுக்குள்ளையே இருங்கோ."

கழற்றினார்கள். அவ பீரங்கிக்குக் கீழால் ஊர்ந்து அவருக்குப் பின்னால் போய்த் தள்ள, உவேலி மேலிருந்து இழுக்க, அந்தோனிதாஸ் பனியனோடும் அரைக்காற்சட்டையோடும் சூரிய வெளிச்சத்துக்கு வந்தார். பூசைக்கூட்டம் முழுதும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தது. கையிலிருந்த தொலைபேசிகள் மட்டும் அவரைப் பார்த்தன. அந்தப் படம் நொஷாட்டல் நகரத்தில் இருக்கும் மச்சானுக்குப் போய்ச் சேர்ந்துதான் பிறகு அவருக்கே திரும்பி வந்தது.

ஆனால் மரியகொறற்றி வெளியே வரவில்லை. அவவும் அகப்பட்டுவிட்டாவோ என்று பதறிக் குனிந்து பார்த்தார். அவ சாரதி இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் இருந்த சின்னக் கண்ணாடித் துவாரத்தில் முகத்தை வைத்திருந்தா.

"இதாலையோ வெளியிலை பாக்கிறவங்கள்?"

"ஓம்."

"ஒண்டும் வடிவாத் தெரியேல்லையே. புல்லுத் தெரியுது. சனத்தின்ரை கால் தெரியுது." துவாரத்திலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டா. "அப்ப ஊரிலை எங்களை எப்பிடிக் கண்டவங்கள்?"

பத்திரிகைக்குச் சொன்ன வசனம் அவருக்கு நினைவுக்கு வந்தது. அதை இப்போது சொன்னால் செருப்பாலேயே அடிப்பா என்றும் தெரிந்தது. பனியனைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு டாங்கியின் மேல் குந்தினார்.

"இதை எப்பிடி நிப்பாட்டுறது?" என்று அவ கேட்டா.

"நிண்டுதானே இருக்கு."

"ஓடேக்கை."

அவர் மூடிக்குள் தலையை விட்டு, எந்தக் கால் எதை மிதிக்க வேண்டும், எந்தக் கை எதை இழுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அவ ஒவ்வொன்றையும் தொட்டு, மிதித்து, இழுத்துப் பார்த்த பிறகுதான் மேலே வந்தா.

அடுத்த கிழமை உவேலி கேக் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். தன்னை மன்னித்துவிட்டதாகச் சொல்ல வந்திருக்கிறார் என்று அந்தோனிதாஸ் நினைத்தார். உவேலி கேக்கை மரியகொறற்றியிடம் கொடுத்து, சங்கத்தில் சேர முடியுமா என்று கேட்டார். அவ யோசித்துச் சொல்லுறன் என்றா. யோசித்துவிட்டு ஓம் என்றா.

இப்போது காட்சி நாட்களில் டாங்கியை ஓட்டுவது அவதான். அந்தோனிதாஸ் புல்வெளி ஓரத்தில் அடுப்போடு நின்று வந்தவர்களுக்குச் சொசேஜ் சுடுகிறார். அந்த வேலைக்கு அவரை எடுத்தது உடம்பைப் பார்த்தல்ல, கைப்பக்குவத்தைப் பார்த்துத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். ஒன்றில் மட்டும் உவேலிக்கு மனக்குறை. கயிற்றுக்குக் கிட்டவாகக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் சனத்துக்குப் பார்க்க நன்றாயிருக்கும் என்று அவர் நிலத்தில் வெள்ளைக் கோடு போட்டு வைப்பார். மரியகொறற்றி ஒவ்வொரு முறையும் துவாரத்தில் சனத்தின் கால் தெரியத் தொடங்கியதுமே, கோட்டை நெருங்காமல் எவ்வளவோ தூரத்திலேயே நிற்பாட்டிவிடுவா.

"கோடு தெரியேல்லையோ?" என்று உவேலி கேட்டால், "தெரியுது" என்று மட்டும் சொல்லுவா.